பீரோவுக்குள் தூங்கும் கல்யாண சி.டி... நாளைய போனில் ஓடுமா?

"எய்யா... இதுல ஒங்க தாத்தா நடந்து வருவாக. ஒருக்கா போட்டுக் காட்டேன்!"

சேரன்மகாதேவிப் பக்கம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தும் வீடுகளில் இப்படி ஒரு குரல் கேட்காமல் இருக்காது. உள்ளூர்க்காரர்கள் வாயில் அது சேர்மாதேவி. பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு சி.டி உறை வெளியே வரும். இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளையும் பெண்ணும். பின்னால் ஸ்டூடியோக்காரர் ஒட்டவைத்த சுவிட்சர்லாந்து மலை. உள்ளே மூன்று வட்டுகள். 'பார்ட் 1, பார்ட் 2, பார்ட் 3' என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கும். அவ்வளவுதான் விவரம்.

பேரன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அவன் லேப்டாப்பில் சி.டி போடும் இடமே கிடையாது. தெருவில் யார் வீட்டிலாவது பழைய கம்ப்யூட்டர் கிடைத்து, வட்டைப் போட்டு, உள்ளே இருக்கும் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வந்தாலும் வேலை முடியாது. அந்தக் கோப்பின் பெயர் 'டாட்' என்று முடியும். போன் அதைப் பார்த்து, 'இந்தக் கோப்பைத் திறக்க இயலாது' என்று கையை விரித்துவிடும்.

வட்டு உடையவில்லை. கீறல்கூட விழவில்லை. தாத்தா உள்ளேதான் இருக்கிறார். அவரைப் பேச வைக்கும் மொழி இந்த போனுக்குத் தெரியவில்லை, அதுதான் சிக்கல்.

இதற்கான தீர்வு ஒன்று இருக்கிறது. காசு செலவில்லை, கொஞ்சம் பொறுமைதான் செலவு. பழைய வீடியோவை, எந்த நிறுவனத்துக்கும் கட்டணம் கட்டத் தேவையில்லாத 'திறந்த வடிவம்' ஒன்றுக்கு மாற்றி வைப்பது. யூடியூப், விக்கிப்பீடியா என்று நீங்கள் தினமும் பார்க்கும் இடங்களில் எல்லாம் இந்த வடிவங்கள்தான் பின்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதை நம் வீட்டு பீரோ வரைக்கும் கொண்டு வருவது எப்படி?

தூக்குவாளி வேறு, சாம்பார் வேறு!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'எம்பி4 வீடியோ', 'எம்.கே.வி வீடியோ' என்று சொல்கிறோமே, அது உண்மையில் பாத்திரத்தின் பெயர்தான். தூக்குவாளியைப் பார்த்து உள்ளே சாம்பாரா, ரசமா என்று சொல்ல முடியாது இல்லையா? அதுபோல எம்பி4, எம்.கே.வி, வெப்எம் எல்லாம் தூக்குவாளிகள். உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறைக்கு 'கோடெக்' என்று பெயர். ஒலிக்குத் தனியாக இன்னொரு கோடெக். "நேற்று வந்த எம்பி4 ஓடுச்சு, இன்னைக்கு வந்தது ஓடலையே?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். வாளி ஒன்று, உள்ளே இருப்பது வேறு.

சுருக்காமல் வைக்க முடியாதா என்றால், முடியாது. சுருக்காத ஃபுல் எச்.டி வீடியோ ஒரு சில நிமிடங்களிலேயே போனை நிரப்பிவிடும். அதனால் ஒவ்வொரு காலத்திலும் ஒரு சுருக்கும் முறை வந்தது. வி.சி.டி-யில் இருப்பது எம்பெக்-1. டி.வி.டி-யில் எம்பெக்-2. நோக்கியா காலத்து 3ஜிபி வீடியோக்களில் பெரும்பாலும் எச்.263, அதன் அளவு 176-க்கு 144 புள்ளிகள், தீப்பெட்டிப் படம் மாதிரி. 2003-ல் வந்த எச்.264 தான் இன்றைய எம்பி4 கோப்புகளில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது. அதற்கு அடுத்தது 2013-ல் வந்த எச்.இ.வி.சி. 2017-க்குப் பிறகு வந்த ஐபோன்கள் சாதாரணமாக இதில்தான் படம் பிடிக்கின்றன. துபாயிலிருந்து மகன் அனுப்பும் வீடியோ, ஊரில் அப்பாவின் பழைய லேப்டாப்பில் கறுப்புத் திரையாக வந்து சத்தம் மட்டும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முறைகளைக் கண்டுபிடித்த நிறுவனங்கள் பல. அவற்றின் காப்புரிமைகளை ஒரு தொகுப்பாகச் சேர்த்து, போன் செய்பவர்கள், மென்பொருள் செய்பவர்களிடம் கட்டணம் வாங்குவார்கள். எச்.இ.வி.சி விஷயத்தில் ஒரு தொகுப்பு அல்ல, பல தொகுப்புகள். நாம் நேரடியாகப் பணம் கட்டுவதில்லை. ஆனால், இலவச மென்பொருள் எழுதுபவர்களும் லாபம் பார்க்காத இணையதளங்களும் இந்த முறைகளைப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். ஒரு முறை சந்தையிலிருந்து போய்விட்டால் அதைத் தூக்கிப் பிடிக்க ஆள் இருக்காது. ரியல் பிளேயரில் பாட்டுக் கேட்ட தலைமுறைக்கு இது புரியும். அந்த 'ஆர்.எம்' கோப்புகளை இன்று எந்த போன் திறக்கிறது? 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயருக்கு மூடுவிழா நடந்தபோதும் இதேதான். அதை நம்பிச் செய்த பக்கங்கள் ஒரே நாளில் பழைய காலெண்டர் ஆகிப்போயின.

திறந்த வடிவம் என்றால் சூத்திரத்தை ஊருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். 2001-ல் ஆன்2 என்ற அமெரிக்க நிறுவனம் தன் பழைய கோடெக் ஒன்றைப் பொதுவில் விட்டது. அதிலிருந்து 'தியோரா' உருவாகி, 2008-ல் முழுமையான முதல் பதிப்பு வந்தது. 2010-ல் அந்த ஆன்2 நிறுவனத்தையே கூகுள் விலைக்கு வாங்கி, அதே ஆண்டு மே மாதம் வி.பி8 என்ற கோடெக்கையும் 'வெப்எம்' என்ற தூக்குவாளியையும் இலவசமாக வெளியிட்டது. 2013-ல் வி.பி9. 2015-ல் கூகுள், அமேசான், நெட்ஃபிளிக்ஸ், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா, சிஸ்கோ, இன்டெல் ஆகிய ஏழும் கைகோத்துத் தொடங்கிய கூட்டணி, 2018-ல் ஏ.வி1 என்ற கோடெக்கை வெளியிட்டது. ஒலிக்கு 'ஓபஸ்'. அது 2012-லிருந்து இருக்கிறது.

'பெரிய நிறுவனங்கள் சும்மா கொடுக்குமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீடியோவில் பிழைக்கும் இவர்களுக்கே காப்புரிமைக் கட்டணம் பெரிய செலவு. அதைத் தவிர்ப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஐரோப்பாவைச் சேர்ந்த சிஸ்வெல் நிறுவனம், வி.பி9, ஏ.வி1 இரண்டிலும் தன்னோடு சேர்ந்தவர்களின் காப்புரிமை இருக்கிறது என்று சொல்லி ஒரு கட்டணத் தொகுப்பை நடத்துகிறது. கூட்டணி அதை ஏற்கவில்லை. அந்தச் சண்டை கருவி செய்யும் நிறுவனங்களின் மட்டத்தில் நடப்பது, வீட்டில் கல்யாண வீடியோவை மாற்றி வைப்பவரைத் தொடுவதில்லை.

சந்தேகம் இருந்தால் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் யூடியூப் வீடியோ ஒன்றை ஓடவிட்டு, படத்தின் மேல் வலது கிளிக் செய்து, 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோடெக் என்ற வரியில் 'வி.பி09' என்றோ 'ஏ.வி01' என்றோ இருந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது திறந்த வடிவம்.

எம்பி4-க்கு அனுமதி இல்லாத வாசல்

தமிழர்கள் இந்த விஷயத்தில் நேரடியாக மோதிய இடம் விக்கிப்பீடியா. 2011 - 12-ல் 'தமிழ் விக்கி ஊடகப் போட்டி' நடந்தது. தமிழர் வாழ்வைக் காட்டும் படம், ஒலி, வீடியோ என எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆயிரக்கணக்கில் கோப்புகள் குவிந்தன. புகைப்படம் அனுப்பியவர்களுக்குப் பிரச்னை இல்லை. வீடியோ அனுப்ப நினைத்தவர்களுக்கு முதல் தடையே வடிவம்தான். கேமராவிலிருந்து வந்த கோப்பை அப்படியே ஏற்ற முடியாது. விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகம் அப்போது தியோரா வீடியோவை மட்டும்தான் வாங்கியது. பிரவுசரில் 'ஃபயர்ஃபாக்' என்ற நீட்சியைப் போட்டு மாற்றி ஏற்ற வேண்டும். 2012 நவம்பரில் புது வீடியோ பிளேயர் வந்த பிறகே வெப்எம் கோப்புகளுக்கும் கதவு திறந்தது.

எம்பி4? 2014-ன் தொடக்கத்தில் விக்கிமீடியா அறக்கட்டளையே, 'எம்பி4-ஐ ஏற்றுக்கொள்ளலாமா?' என்று தன் பங்களிப்பாளர்களிடம் கேட்டது. கூடாது என்ற குரலே ஓங்கியது. கட்டணப் பூட்டு உள்ள வடிவத்தில் வரும் அறிவு, எல்லோருக்குமான அறிவாக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அதனால்தான் இன்றும் போனில் எடுத்த எம்பி4-ஐப் பொதுவகத்தில் நேரடியாக ஏற்ற முடியாது. மாற்றித் தருவதற்கென்றே 'வீடியோ2காமன்ஸ்' என்ற இலவசக் கருவியை வைத்திருக்கிறார்கள். உங்கள் கோப்பைக் கொடுத்தால் அதுவே வெப்எம் ஆக்கி ஏற்றிவிடும்.

இந்தப் பிடிவாதத்துக்கு விலையும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. எம்பி4 நேராக ஏறாததால், வீடியோ எடுத்த பலர் பாதியிலேயே யூடியூப் பக்கம் போய்விட்டார்கள். ஐபோன் வெகுகாலம் வெப்எம்-ஐத் திறக்கவே இல்லை. அந்த போன்களுக்காகவே விக்கிமீடியாவின் பொறியாளர்கள் பிரவுசருக்குள் ஓடும் தனி பிளேயர் ஒன்றை எழுத வேண்டியிருந்தது. சமீபத்திய ஐபோன் பதிப்புகளில்தான் அந்தத் தொல்லை தீர்ந்திருக்கிறது.

சேரன்மகாதேவிக்கு இதில் என்ன இருக்கிறது? பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரைப்புல்லை அறுத்து, நரம்பு நரம்பாகக் கிழித்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றி, நூல் பாவில் நெய்வார்கள். நயம் பாய் என்றால் துணி மாதிரி மடித்து வைக்கலாம். பெரும்பாலும் பெண்களின் கைவேலை. இந்த வேலையில் புகைப்படத்தால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. கோரையைக் கிழிக்கும்போது கத்தியை எவ்வளவு சாய்க்கிறார்கள், நாணலை நுழைத்ததும் அச்சை எந்த வேகத்தில் அடிக்கிறார்கள் என்பதெல்லாம் அசைவில்தான் இருக்கிறது. ஐந்து நிமிட வீடியோ ஒன்று போதும். அதைத் திறந்த வடிவத்தில், திறந்த உரிமத்தில் பொதுவகத்தில் வைத்தால், தமிழ் விக்கிப்பீடியாவின் பத்தமடைப் பாய்க் கட்டுரையிலும் ஓடும், ஜப்பானிய மொழிக் கட்டுரையிலும் ஓடும். பள்ளி ஆசிரியர் இறக்கி வகுப்பில் போடலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். யூடியூப் சேனலில் மட்டும் இருந்தால், சேனல்காரர் பாஸ்வேர்டை மறந்தாலோ, கணக்கு முடங்கினாலோ எல்லாம் போச்சு.

ஆற்றங்கரையின் சாட்சி

இந்த ஆற்றங்கரையில் வீடியோ என்பது கல்யாணமும் கைத்தொழிலும் மட்டும் இல்லை. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக திருநெல்வேலியில் நடந்த பேரணியில் போலீஸ் தடியடி நடந்தது. ஆற்றுக்குள் ஓடியவர்களில் 17 பேர் உயிரிழந்தார்கள். அந்தச் சம்பவத்தை ஆர்.ஆர்.சீனிவாசன் 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். கேமரா போன் இல்லாத காலம். அன்று டேப்பில் பதிவானவைதான் காட்சியாக மிஞ்சின. அப்படிப்பட்ட பதிவுகளுக்கு டேப் மட்டும் போதாது. அதை ஓட்டும் டெக் வேண்டும். உலகில் கடைசியாக வி.சி.ஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி இருக்கும் டெக்குகள் கெட்டால் கெட்டதுதான்.

ஆறும் காத்திருப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே தவித்த நாள்கள் அவை. வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் முதலில் நனைவது பீரோவின் கீழ்த்தட்டு. ஆல்பமும் கேசட்டும் சி.டி-யும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மாற்றலாம் வாங்க!

இனி வேலைக்கு வருவோம். எல்லா வட்டும் டேப்பும் ஒன்றல்ல.

வி.சி.டி என்றால் உள்ளே 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் உள்ள 'டாட்' கோப்பைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். டி.வி.டி டிரைவ் இல்லாதவர்களுக்கு யு.எஸ்.பி-யில் செருகும் டிரைவ் கடைகளில் கிடைக்கிறது. பல நேரம், கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை 'எம்.பி.ஜி' என்று மாற்றினாலே ஓடத் தொடங்கிவிடும். வி.எல்.சி பிளேயர் பெயர் மாற்றாமலும் ஓட்டும். இங்கே ஒரு வேடிக்கை: வி.சி.டி-யில் இருக்கும் எம்பெக்-1-ன் காப்புரிமைகள் எப்போதோ காலாவதி ஆகிவிட்டன. ஆக, அது ஏற்கெனவே பூட்டு இல்லாத வடிவம்தான்! ஆனால், எந்த போன் பிரவுசரும் அதை நேரடியாக ஓட்டாது. பூட்டு இல்லாவிட்டால் மட்டும் போதாது. கதவைத் திறக்க ஆளும் வேண்டும். வெப்எம்-க்கு இரண்டும் இருக்கிறது.

டி.வி.டி என்றால் 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டரை முழுசாக நகலெடுத்துவிடுங்கள். கல்யாண டி.வி.டி-களில் சினிமா டி.வி.டி மாதிரி பூட்டு போடுவதில்லை.

கேசட்தான் பெரிய வேலை. ஓடும் டெக் ஒன்றும், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு இழுக்கும் யு.எஸ்.பி கேப்சர் கருவியும் தேவை. மூன்று மணி நேர கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஓடியே ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. டேப்பின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போட்டுவிடாதீர்கள். டேப் அறுந்து, டெக்கின் ஹெட்டும் கெட்டு, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். அதைத் தெரிந்த கடைக்காரரிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். மினி டி.வி கேசட் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி இடம் ஒதுக்கி வையுங்கள்.

கோப்பு கைக்கு வந்தாயிற்று. மாற்றுவதற்கு 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கோப்பை உள்ளே இழுத்துப் போட்டு, வடிவம் என்ற இடத்தில் வெப்எம், வீடியோவில் வி.பி9, ஆடியோவில் ஓபஸ் என்று தேர்ந்தெடுங்கள். தரத்துக்கு ஒரு நகர்த்தும் குமிழ் இருக்கும். எண் கூடக் கூட கோப்பு சின்னதாகும், படம் மங்கும். 30-ஐ ஒட்டி வைத்து, முழுப் படத்தையும் மாற்றாமல் ஒரு நிமிடத் துண்டை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள். தாலிகட்டும் காட்சி நல்ல சோதனை. அட்சதை பறக்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்தால் எண்ணைக் குறைக்க வேண்டும்.

டி.வி.டி, கேசட் இரண்டிலும் இன்னொரு விஷயம். பழைய டி.வி-க்காக ஒரு படத்தை ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அப்படியே மாற்றினால், ஆள் நகரும்போது ஓரங்கள் சீப்புப் பல் மாதிரி தெரியும். ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர் பகுதிக்குப் போய் 'டீஇன்டர்லேஸ்' என்பதைப் போட்டால் சரியாகிவிடும். வி.சி.டி-க்கு இது தேவையில்லை.

பெரிதாக்கும் ஆசை மட்டும் வேண்டாம். வி.சி.டி படம் 352-க்கு 288 புள்ளிகள். இன்றைய ஃபுல் எச்.டி-யில் அதைவிட 20 மடங்கு புள்ளிகள். இல்லாத புள்ளியை எங்கிருந்து கொண்டு வருவது? இழுத்துப் பெரிதாக்கினால் கோப்புதான் வீங்கும். 'ஏ.ஐ மூலம் எச்.டி ஆக்குகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மென்பொருள் முகத்தை ஊகித்து வரைகிறது. தாத்தாவின் முகத்தை ஊகித்து வரைந்தால் அது தாத்தாவாக இருக்குமா என்பதை வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

கட்டளை தட்டத் தெரிந்தவர்களுக்கு எஃப்.எஃப்.எம்பெக் இருக்கிறது. ஹேண்ட்பிரேக்குக்குள்ளும் வேலை செய்வது பெரும்பாலும் அதன் நிரல்கள்தான். 2000-ல் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியது. ஒரு ஃபோல்டரில் இருக்கும் 50 கோப்புகளையும் ஒரே வரியில் மாற்றச் சொல்லலாம். வி.எல்.சி-யிலும் மாற்றும் வசதி உண்டு. 2022-ல் சில மாதங்கள் வி.எல்.சி-யின் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. பலர் அப்போது போலி தளங்களில் இறக்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே தடை நீங்கிவிட்டது, அதனால் எப்போதும் அதிகாரபூர்வ தளத்திலிருந்தே இறக்குங்கள்.

போனில் எடுத்த வீடியோவுக்கு ஒரு கணக்கு. ஃபுல் எச்.டி-யில் விநாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 10 நிமிட வீடியோ, சுமார் 1,275 எம்.பி வரும். அதையே வி.பி9-ல் விநாடிக்கு 2 மெகாபிட் என்று சுருக்கினால் 150 எம்.பி. பாபநாசம் மலைப்பாதையில் சிக்னல் இரண்டு கோடு காட்டும்போது எது ஓடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொதுவகம் போன்ற தளங்கள் நீங்கள் ஏற்றும் ஒரு கோப்பிலிருந்து 240, 360, 480, 720 என்று பல அளவுகளைத் தாங்களே செய்து வைத்துக்கொண்டு, பார்ப்பவரின் வசதிக்கு ஏற்பப் பரிமாறுகின்றன. எனவே, ஏற்றும்போது உங்களிடம் இருப்பதிலேயே நல்ல தரத்தைக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மூலக் கோப்பை அழிக்கவே கூடாது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் தரம் போகும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான். பத்து வருடம் கழித்து இன்னும் நல்ல வடிவம் வந்தால், மூலத்திலிருந்து மாற்ற வேண்டுமே தவிர, மாற்றியதிலிருந்து அல்ல. வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை மூலம் என்று நினைத்துவிட வேண்டாம், அது ஏற்கெனவே நசுங்கியது. உறவினரிடம் கேட்டு வாங்கும்போது, 'டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்' என்று சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் நசுக்காது.

மேளச் சத்தத்தை மறைத்த சினிமா பாட்டு

மாற்றியதை இணையத்தில் ஏற்றலாமா? இங்கேதான் நம் ஊர் கல்யாண வீடியோக்களுக்கே உரிய சிக்கல் வருகிறது. தாலிகட்டும்போது நாதஸ்வரம் உச்சத்தில் இருந்திருக்கும். ஆனால், வீடியோவில் கேட்பது சினிமா பாட்டு! அன்றைய எடிட்டர்கள் பலர் நேரடி ஒலியைத் தூக்கிவிட்டுப் படப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டு இசை நிறுவனத்தின் சொத்து. யூடியூப்பில் ஏற்றினால் ஒலி முடக்கப்படலாம் அல்லது விளம்பரப் பணம் அவர்களுக்குப் போகலாம். பொதுவகத்தில் ஏற்றவே கூடாது. வடிவம் திறந்ததாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பாட்டு திறந்ததாகிவிடாது.

இதைவிட வருத்தம், பாட்டுக்கு அடியில் இருந்த பேச்சுகள் போனதுதான். பந்தியில் யார் யாரைக் கூப்பிட்டார்கள், வாசலில் பெரியப்பா என்ன சொல்லி வரவேற்றார் என்பதெல்லாம் எடிட் செய்த வட்டில் இல்லை. இப்போது கல்யாணம் வைத்திருப்பவர்கள், ஆல்பத்தோடு சேர்த்து எடிட் செய்யாத மூல வீடியோவையும் ஹார்டு டிஸ்கில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும், பிறகு கேட்டால் அழித்திருப்பார்கள்.

பொதுவகம் குடும்ப ஆல்பமும் அல்ல. ஊருக்குப் பயன்படும் பதிவுகளுக்கான இடம் அது. ஆறு, அணை, பாய் நெசவு, கோயில் தேர், கந்தூரி, நெல் அறுவடை இவையெல்லாம் அங்கே போகலாம். படத்தில் இருப்பவர்களிடம், 'இதை உலகத்தில் யாரும் எதற்கும் எடுத்துப் பயன்படுத்தலாம்' என்பதை விளங்கச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். நெய்துகொண்டிருக்கும் பாட்டி 'சரி' என்று தலையாட்டியதற்கும், நாளை அவர் முகம் ஒரு விளம்பரத்தில் வரலாம் என்று தெரிந்து சம்மதிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கல்யாண வீடியோ குடும்பத்துக்குள் இருக்கட்டும். ஒரு நகல் வீட்டு ஹார்டு டிஸ்கில், ஒரு நகல் வெளியூர் உறவினர் வீட்டில், ஒன்று கிளவுடில். வெள்ளம் மூன்று ஊருக்கும் ஒரே நாளில் வராது.

ஊர் முழுக்கச் சேர்ந்து செய்ய முன்மாதிரியும் இருக்கிறது. இலங்கைத் தமிழர்களின் 'நூலகம்' திட்டம் 2005-ல் தொடங்கியது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த வலி தெரிந்த சமூகம் அது. புத்தகம், பத்திரிகை ஸ்கேன் செய்வதில் ஆரம்பித்தவர்கள், இன்று 'ஆவணகம்' என்ற பெயரில் ஒலியும் வீடியோவும் வாய்மொழி வரலாறுகளும் சேர்க்கிறார்கள். தாமிரபரணிக் கரைக்கு அப்படி ஒன்று தொடங்க பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு டெக், ஒரு கேப்சர் கருவி, இரண்டு ஹார்டு டிஸ்க், விடுமுறையில் இருக்கும் நாலைந்து கல்லூரி மாணவர்கள் போதும்.

வி.பி9-க்கு மாற்றுவது மெதுவான வேலை. சாதாரண லேப்டாப்பில் ஒரு முழுக் கல்யாணத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கலாம். இரவு சாப்பிட்டுவிட்டு ஓடவிட்டால் காலையில் முடிந்திருக்கும். முடிந்ததும் கோப்புக்கு 'பார்ட் 2' என்று பெயர் வைத்துவிட வேண்டாம். தேதி, ஊர், யார் கல்யாணம் என்று வையுங்கள். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு முறை முழுசாக ஓட்டுங்கள். வரிசையில் வந்து மொய் எழுதிப் போகும் ஒவ்வொரு முகத்துக்கும் அவர் பெயர் சொல்வார். எத்தனையாவது நிமிடத்தில் யார் என்று ஒரு நோட்பேட் கோப்பில் எழுதி, வீடியோவோடு அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். தாத்தா நடந்து வருவது எந்த நிமிடம் என்பதையும் சேர்த்து.